அறுபத்தேழு செல்லாத பாட்டுகள்

ஸ்கெல்யாவிக்கில் நூற்று எழுபது பேர் இருந்தார்கள். அதில் நூற்று அறுபத்தொன்பது பேருக்குப் பாட்டுக் கட்ட வரும் என்பது ஊரின் நம்பிக்கை. வராத அந்த ஒருத்திதான் ஸ்டெயின்வோர்.

குளிர்காலத்தில் பனி ஒதுக்கும் வண்டியையும் கோடையில் பால் லாரியையும் ஓட்டினாள். தோள் அகலம், குரல் கனம். ஃபியோர்டு என்கிற கடல்கழியின் இந்தக் கரையில் நின்று கூப்பிட்டால் அந்தக் கரையில் நிற்கும் ஆடு திரும்பிப் பார்க்கும். கணக்கு வரும், எஞ்சின் வரும், புயல் வரப்போவது முந்தின நாளே மூக்குக்குத் தெரியும். ஆனால் மோனை மட்டும் அவள் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

அந்த ஊரில் இது சின்னக் குறை இல்லை. பக்கத்து வீட்டு நாய் கோழியைப் பிடித்தால் நாலடிப் பாட்டில்தான் புகார் சொல்வார்கள். நாய்க்காரர் நாலடியில் மன்னிப்புக் கேட்பார். கூட்டுறவுக் கடையில் மாவு தீர்ந்துவிட்டால் கதவில் ஒட்டியிருக்கும் சீட்டிலும் நாலடி. முதலடியில் இரண்டு இடத்தில் மோனை, அடுத்த அடியின் தலையில் ஒன்று, அப்புறம் எதுகை. இதில் ஒன்று தவறினாலும் காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எல்லோரும் ஜன்னல் வழியாக வெளியே பார்ப்பார்கள். அந்த மௌனத்தை ஸ்டெயின்வோர் சின்ன வயதிலேயே நன்றாக அறிந்திருந்தாள்.

அவளுடைய அப்பா ஹாவார்து அந்தக் கரையிலேயே பெரிய பாட்டுக்காரர். மகளுக்குப் பதினான்கு வயதில் தேவாலயத்தில் உறுதிபூசுதல் நடந்தது. விருந்தில், புகைபோட்ட ஆட்டிறைச்சித் தட்டு கைமாறிக்கொண்டிருக்கும்போது அவர் எழுந்து நின்று சொன்னார்:

மந்தையில் ஆட்டை மடக்கத் தெரியும்
மலையில் ஏறி இறங்கத் தெரியும்
சந்தம் கேட்டால் சளியா என்பாள்
சாமி, இவளை நீயே கட்டு.

அவர்கள் மொழியில் செய்யுளுக்குக் 'கட்டிய பேச்சு' என்று பெயர். மற்றதெல்லாம் 'அவிழ்ந்த பேச்சு'. அதனால் கடைசி அடியில் சிரிப்பு கூரையைத் தொட்டது. பாதிரியாருக்கே புரையேறியது. ஸ்டெயின்வோரும் சிரித்தாள், ஆனால் எல்லோரும் முடித்த பிறகு. அன்று விழுந்த பெயர் 'அவிழ்ந்த ஸ்டெயின்வோர்'. ஞானஸ்நானத்தில் வைத்த பெயரைவிட அது ஆழமாக ஒட்டிக்கொண்டது.

முயற்சி செய்யாமல் இல்லை. இருபது வயதில், மீன்பிடிக் கப்பலில் சமையல்காரனாக இருந்த கோல்பெயின் மேல் மனது போனபோது, ஒரு நோட்டு வாங்கி ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து எழுதினாள். வசந்தத்தில் ஒரு பக்கத்தைக் கிழித்து அவனிடம் கொடுத்தாள். அவன் மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் என்று படித்துப் பார்த்தான்.

"மளிகைச் சீட்டா இது? உருளைக்கிழங்கு எத்தனை கிலோன்னு போடலையே."

"பாட்டு. உன்னப் பத்தி."

கோல்பெயின் சீட்டை மறுபடி பார்த்தான். "இதுல எங்க நான் வர்றேன்?"

"மூணாவது வரி. 'உயரம் அஞ்சடி பத்தங்குலம்'."

அவன் சிரிக்கவில்லை. சீட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். "அளவு சரியாத்தான் இருக்கு" என்றான். அந்த ஆகஸ்டில் கல்யாணம் செய்துகொண்டார்கள். கல்யாணத்தில் பதினொரு பேர் பாட்டுச் சொன்னார்கள். ஸ்டெயின்வோர் "வந்ததுக்கு நன்றி, கேக் அந்த மேசைல இருக்கு" என்றாள்.

இந்தக் குறையே அவளுக்கு ஒரு பதவியையும் வாங்கித் தந்தது. ஊராட்சித் தேர்தலில் வாக்கு எண்ணும் குழுவுக்குத் தலைவர் வேண்டும். பாட்டுக் கட்டத் தெரிந்தவர்கள் எல்லோரும் யாரையாவது எதிலாவது ஏற்கெனவே திட்டியிருந்தார்கள். திட்டு வாங்கியவர்களுக்கு அது வரி பிசகாமல் மனப்பாடம். நடுநிலை என்று சொல்ல ஸ்டெயின்வோரைத் தவிர ஆள் இல்லை. இருபது வருடம் அந்த வேலையைச் செய்தாள். நாலு வருடத்துக்கு ஒருமுறை பெட்டியைத் திறப்பது, எண்ணுவது, பெட்டியைத் துடைத்து அலமாரியில் வைப்பது. சண்டை வந்ததில்லை.

தொண்ணூறாம் ஆண்டு பிப்ரவரியில் ஊராட்சி அலுவலகத்துக்கு ஒரு இயந்திரம் வந்தது. இந்த முனையில் தாளை விட்டால் தலைநகரில் அதே தாள் வெளியே வரும். உலகம் முழுக்க அதை ஃபேக்ஸ் என்றார்கள். அந்தச் சொல்லை ஸ்கெல்யாவிக்கில் உச்சரித்தால் சோப்புப் போட்டு வாயைக் கழுவச் சொல்வார்கள். நம் மொழியில் ஒரு சொல் வேண்டும் என்று ஊராட்சி கூடியது.

தலைவர் இங்கியால்டு ஆடு வளர்ப்பவர், பன்னிரண்டு வருடமாகத் தலைவர், ஸ்டெயின்வோருக்குத் தூரத்துச் சொந்தம். அவர் 'பறதாள்' என்றார். தாள் பறக்கிறது, பறதாள். பள்ளித் தலைமையாசிரியை பெர்க்லியோட்டும் உறுப்பினர். அவர் எழுந்து, தாள் எங்கும் பறக்கவில்லை, அது இங்கேயேதான் கிடக்கிறது, கம்பி வழியாகப் போவது சேதி மட்டும்தான், எனவே 'கம்பிமடல்' என்றார். ஐந்து மணி நேரம் கூட்டம் நடந்தது. மூன்று முறை காபி போட்டார்கள். முடிவு வரவில்லை. மறுநாள் காலை கூட்டுறவுக் கடை அறிவிப்புப் பலகையில் ஒரு சீட்டு குத்தியிருந்தது:

பறதாள் என்றொரு பட்டம் வைத்தார்
பண்ணை ஆடே சிரிக்குதையா
இறகா முளைத்தது இயந்திரத் துக்கு
இங்கியால்டு மண்டை பறக்குதையா.

மத்தியானத்துக்குள் பதில் வந்துவிட்டது:

கம்பி மடலைக் கண்டதும் டீச்சர்
காயப் போட்டார் காலுறையை
நம்பிப் போட்டது நாலே உறைதான்
நகலாய் வந்தது நாற்பதையா.

அதற்கப்புறம் ஊர் ஊராக இல்லை. நீச்சல் குளத்தில் இரண்டு வெந்நீர்த் தொட்டி உண்டு. ஒன்று பறதாள்காரர்களுக்கு, ஒன்று கம்பிமடல்காரர்களுக்கு என்று தானாகவே பிரிந்துவிட்டது. ஸ்டெயின்வோர் இரண்டிலும் இறங்க முடியாமல் ஷவரில் குளித்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். அறிவிப்புப் பலகை நிரம்பி, சீட்டுகள் கதவுக்கும் அங்கிருந்து மீன் ஃப்ரீஸருக்கும் பரவின. கடைக்காரி தோர்கட்லா, மீன் எடுக்க வருகிறவர்கள் படித்துக்கொண்டே கதவைத் திறந்து வைத்திருப்பதால் கட்லெட் எல்லாம் உருகுகிறது என்று புகார் சொன்னாள். அவளும் நாலடியில்தான் சொன்னாள்.

இயந்திரத்தை மட்டும் யாரும் தொடவில்லை. தொட்டால், என்ன செய்தாய் என்று கேட்பார்கள். எந்தச் சொல்லைச் சொன்னாலும் பாதி ஊர் பேசாது. யாரோ அதன் மேல் பூவேலை செய்த துணி ஒன்றைப் போர்த்தி, மேலே ஒரு பூந்தொட்டியை வைத்தார்கள்.

ஜூனில் தேர்தல். அந்த மாதிரிச் சின்ன ஊர்களில் கட்சிப் பட்டியல் கிடையாது. வாக்குரிமை உள்ள எல்லோருமே வேட்பாளர். வெற்றுச் சீட்டில் தனக்குப் பிடித்த ஐந்து பேரை எழுதிப் பெட்டியில் போட வேண்டும். தேர்தலுக்கு முந்தின வாரம் இங்கியால்டு, பால் ஏற்ற வந்த ஸ்டெயின்வோரைத் தன் பண்ணை வாசலில் மடக்கினார்.

"உறவுக்காரி, ஒரு நிமிஷம். நீ எந்தப் பக்கம்?"

"பால் ஏத்துற பக்கம். கேனை நகத்து."

"விளையாடாத. நம்ம சொந்தத்துல ஒருத்தி அந்த டீச்சரோட சேர்ந்து கம்பின்னு சொன்னான்னா, என் அப்பா குழிக்குள்ள புரண்டு படுப்பார்."

"உங்கப்பா உயிரோட இருக்கிறப்பவே புரண்டுதான் படுத்திருந்தார். நான் எண்ணுறவ, இங்கியால்டு. எனக்குப் பக்கம் கிடையாது."

"அந்த மெஷினை நீ என்னன்னு சொல்லுவ, அதையாவது சொல்லு."

ஸ்டெயின்வோர் யோசித்தாள். "மெஷினுக்கு நான் எதுவும் சொன்னதில்ல. அதுவும் என்கிட்ட எதுவும் கேக்கல."

சாயங்காலம் பெர்க்லியோட் வீட்டுக்கே வந்து, ருபார்ப் ஜாம் ஒரு பாட்டிலை மேசைமேல் வைத்துவிட்டு அதே கேள்வியைக் கேட்டார். ஸ்டெயின்வோர் ஜாம் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தாள். அன்றிரவு ரொட்டிக்குத் தடவ ஒன்றுமில்லாமல் கோல்பெயின் முனகினான்.

தேர்தல் நாள் பள்ளிக்கூட ஹாலில் தொடங்கியது. சாதாரணமாக ஒரு ஆளுக்கு ஒரு நிமிடம் போதும். அன்றைக்கு முதலில் மறைப்புக்குப் பின்னால் போன மீனவர் இருபது நிமிடம் ஆகியும் வெளியே வரவில்லை. உள்ளே விரல் சொடுக்குகிற சத்தம் கேட்டது, எண்ணி எண்ணி.

"உள்ள என்ன பண்றீங்க?" என்று ஸ்டெயின்வோர் கேட்டாள்.

"இதோ, ஒரே ஒரு அடிதான் பாக்கி."

"பேரை எழுதுங்க போதும். அஞ்சு பேர்."

"பேரெல்லாம் உள்ளயே வருது" என்றார் அவர் பெருமையாக.

வரிசை வாசலைத் தாண்டி ஊஞ்சல் வரைக்கும் போனது. பதினோரு மணிக்குப் பென்சில் முனைகள் தீர்ந்து, வகுப்பறையிலிருந்து சீவும் கருவி கொண்டுவர வேண்டியிருந்தது. நடுவில் ஒரு குரல் திரைக்குப் பின்னாலிருந்து ரகசியமாகக் கேட்டது: "ஸ்டெயின்வோர், 'செம்மறி'க்கு மோனையா என்ன போடலாம்?" கேட்டபிறகுதான் யாரிடம் கேட்டோம் என்று அந்தக் குரலுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். "சரி விடு" என்றது.

வாக்களிப்பு முடிந்ததும் எண்ணத் தொடங்கினார்கள். ஹால் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். ஜன்னல் வழியாக வெயில் மேசைமேல் விழுந்துகொண்டிருந்தது. ஊரே பெஞ்சுகளில் உட்கார்ந்து பின்னல் வேலையும் காபியுமாகக் காத்திருந்தது. குழுவில் ஸ்டெயின்வோர், கடைக்காரி தோர்கட்லா, எய்விந்து பாதிரியார். பாதிரியார் முதல் சீட்டைப் பிரித்தார், படித்தார், முகம் மலர்ந்தது.

"அடடா. முதல் சீட்டே நல்ல சகுனம். கேளுங்க…"

"பாட்டா?" என்றாள் ஸ்டெயின்வோர்.

"பாட்டுதான். ஆனா அஞ்சு பேரும் உள்ள வந்திருக்காங்க. நாலு அடியில அஞ்சு பேர், எவ்வளவு கஷ்டம் தெரியுமா? அதுவும் எதுகையோட."

"செல்லாது."

பெஞ்சுகளில் பின்னல் ஊசிகள் நின்றன.

ஸ்டெயின்வோர் தேர்தல் சட்டப் புத்தகத்தைத் திறந்து விரலை வைத்தாள். "சீட்டுல பேரைத் தவிர வேற எந்தக் குறியும் இருக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு. இதுல பேரைத் தவிர ஆடு இருக்கு, கம்பி இருக்கு, காலுறை இருக்கு."

பாதிரியார் குனிந்து மெல்லச் சொன்னார்: "ஸ்டெயின்வோர், ஒரு யோசனை. செய்யுள் பிழையா இருக்கிறதை மட்டும் செல்லாததுன்னு வெச்சுக்கலாமே. சரியா அமைஞ்சதை எப்படிம்மா தள்ளறது? மனசு கேக்க மாட்டேங்குது."

"எது சரி, எது பிழைன்னு எனக்குத் தெரியாது, ஃபாதர். அதனாலதானே என்னை இங்க உக்கார வெச்சீங்க."

பாதிரியார் அடுத்த சீட்டைப் பிரித்தார். இரண்டாவது சீட்டு பாட்டு. மூன்றாவது பாட்டு. நான்காவதில் பாட்டோடு ஆட்டின் படமும். தள்ளுகிற சீட்டையெல்லாம் பாதிரியார் சத்தமாகப் படித்துவிட்டுத்தான் வைப்பேன் என்று பிடிவாதம் பிடித்தார். அதைச் சட்டம் தடுக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஊர் கைதட்டியது, ஒவ்வொரு கைதட்டலுக்கும் பின்னால் ஸ்டெயின்வோரின் "செல்லாது" வந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் பாட்டின் ஐந்தாவது அடி மாதிரியே ஆகிவிட்டது. பிள்ளைகள் கூடவே சொல்ல ஆரம்பித்தார்கள்.

நாற்பதுக்கு மேல் ஒரு சீட்டு வந்தது. பாதிரியார் படித்தார்:

தலைவரும் வேண்டாம் தகராறும் வேண்டாம்
தாளில் என் வீட்டுக் காரியின் பேர்
குலைநடுங் கும்படிக் குரல்கொடுப் பாளே
கூட்டம் அடக்க வேறிங்கு யார்.

கையெழுத்து யாருடையது என்று ஸ்டெயின்வோருக்குப் பார்க்காமலே தெரிந்தது. மூன்றாவது பெஞ்சில் கோல்பெயின் காபிக் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தான். அவள் கழுத்திலிருந்து காது வரைக்கும் சூடு ஏறியது. முப்பது வருடத்தில் அவன் அவளைப் பற்றி ஊரறியப் பாட்டுச் சொன்னதே இல்லை. அவளுக்குத் திருப்பிச் சொல்ல முடியாதே என்று.

"செல்லாது" என்றாள். இந்த முறை குரல் கொஞ்சம் தாழ்ந்து வந்தது.

மொத்தம் நூற்று நாலு சீட்டு. பாட்டுச் சீட்டு அறுபத்தேழு. மிச்சம் முப்பத்தேழில் பெயர்கள் மட்டும், ஒன்றின்கீழ் ஒன்றாக, மளிகைச் சீட்டு மாதிரி. தோர்கட்லா அவற்றைப் படிக்கத் தொடங்கினாள். முதல் சீட்டில் முதல் பெயர் ஸ்டெயின்வோர், ஹாவார்தின் மகள். அடுத்த சீட்டிலும். அதற்கடுத்ததிலும்.

"யாரோ விளையாடுறாங்க" என்றாள் ஸ்டெயின்வோர்.

"கையெழுத்தெல்லாம் வேற வேறயா இருக்கே" என்றாள் தோர்கட்லா, கோடு போட்டுக்கொண்டே. "இதோ இன்னொண்ணு."

முப்பத்தேழில் முப்பத்தொரு சீட்டில் அவள் பெயர். இல்லாத ஆறில் ஒன்று அவளே எழுதிப் போட்டது. தோர்கட்லாவுக்கு இருபத்திரண்டு. இங்கியால்டுக்குப் பத்தொன்பது, பெர்க்லியோட்டுக்கும் பத்தொன்பது. ஐந்தாவதாகத் துறைமுகக் காவலர் உல்வார், பதினாறு.  ஜன்னல் வழியாக எல்லோரும் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது உல்வார் எழுந்தார். ஆறடி நாலங்குலம், தாடி மார்பு வரைக்கும். தேவாலயப் பாடகர் குழுவில் பின்வரிசை. தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே சொன்னார்:

"எனக்கு வராது."

"என்ன வராது?" என்றார் இங்கியால்டு.

"பாட்டு. வரவே வராது. முப்பது வருஷமா என் தங்கச்சிதான் எழுதித் தர்றா. அதுக்கு வருஷா வருஷம் அவ வீட்டுக் கூரைக்கு நான் பெயிண்ட் அடிக்கிறேன்."

அவர் தங்கை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கும் வராது" என்றாள். "நான் என் ஓரகத்தி கிட்ட வாங்கித் தர்றேன்."

பின்னாலிருந்து யாரோ, "நான் பழைய காலண்டர்லேர்ந்து எடுத்துப் பேரை மாத்துவேன்" என்றார். இன்னொருவர், மூன்று பாட்டை வைத்துக்கொண்டே இருபது வருடம் ஓட்டியதாகச் சொன்னார். நாய், வானிலை, இரங்கல். ஆளுக்கு ஆள் எழுந்து சொல்லச் சொல்ல, கேட்டவர்கள் ஒருவரையொருவர் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். ஒவ்வொருவரும் தான் ஒருவர்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டு ஆயுளில் பாதியைப் பயத்தில் கழித்திருந்தார்கள். பாட்டு வராதவள் என்று வெளியே தெரிந்தும் ஊரில் நிமிர்ந்து நடந்தது ஸ்டெயின்வோர் ஒருத்திதான். அதனால்தான் எழுதினோம் என்றார் உல்வார்.

ஸ்டெயின்வோர் எழுந்தாள். "பெட்டியைத் துடைக்கணும்" என்று துணியைத் தேடிப் போனாள். அலமாரிக்குப் பின்னால் நின்று மூக்கைச் சிந்திய சத்தம் எல்லோருக்கும் கேட்டது, துறைமுகத்துக்கும் கேட்டிருக்கும்.

இங்கியால்டும் பெர்க்லியோட்டும் பிப்ரவரிக்குப் பிறகு முதல்முறையாக ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். அறுபத்தேழு பேரின் வாக்கைத் தள்ளினால் அது தேர்தலா என்று அமைச்சகத்துக்கு முறையிடத் தீர்மானித்தார்கள். ஏழு நாளுக்குள் மனு போய்ச் சேர வேண்டும். மலைப்பாதை மழையில் அரித்துப் போய், தபால் வண்டி வரவில்லை. அந்த இயந்திரத்தில்தான் அனுப்ப வேண்டும். பூந்தொட்டியை இறக்கினார்கள், துணியை எடுத்தார்கள். மனுவை அழகாக எழுதினார்கள். முதல் வரியில் 'இம்மனுவை நாங்கள்' என்று எழுதி, எதன் மூலம் அனுப்புகிறோம் என்ற இடத்தில் நின்றார்கள்.

"பறதாள் மூலம்" என்றார் இங்கியால்டு.

"என் கையெழுத்து இருக்கிற தாள்ல அந்த வார்த்தை வராது" என்றார் பெர்க்லியோட்.

"அப்ப அந்த இடத்தை விட்டுருவோமா?"

"காலி இடத்தோட அமைச்சகத்துக்கு மனு அனுப்பச் சொல்றியா? நான் டீச்சர்."

நாலாம் நாள் ஸ்டெயின்வோர் எதற்கோ அலுவலகத்துக்குப் போனபோது இருவரும் மூன்றாம் குடம் காபியில் இருந்தார்கள். "நாள் போகுது, அனுப்பிடுங்க" என்று அவளே சொன்னாள். "நீ இதுல தலையிடாதே, இது மொழிப் பிரச்சினை" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். எட்டாம் நாள் காலையில் இடம் நிரம்பாத மனு மேசைமேல் கிடந்தது. முடிவு உறுதியாகிவிட்டது.

புதிய ஊராட்சியின் முதல் கூட்டத்தில் ஐந்து பேர். ஸ்டெயின்வோரைத் தலைவராக உல்வார் முன்மொழிந்தார், தோர்கட்லா வழிமொழிந்தாள். மற்ற இருவரும் ஒருவரையொருவர் ஆதரிக்க மனமில்லாமல் அவளுக்கே கை தூக்கினார்கள். அவள் இரண்டு விதி போட்டாள். பாட்டு, தீர்மானங்கள் முடிந்த பிறகு, காபியோடு. இயந்திரத்தின் பெயர், எல்லோரும் ஒத்துப்போகும் வரை, 'அது'.

"அதுன்னா எது?" என்றார் பெர்க்லியோட்.

"அதோ அது."

நிகழ்ச்சிக் குறிப்பில் 'அதில் ஒரு தாள் வந்தது. அதில் பதில் அனுப்பப்பட்டது' என்று எழுதினார்கள். இரண்டு மாதத்தில் ஊரே அதை 'அது' என்றது. வெந்நீர்த் தொட்டிகளிலும் ஆட்கள் கலந்து உட்கார்ந்தார்கள். கோல்பெயின் மட்டும், "ஊருக்குத் தலைவி ஆயிட்ட, வீட்டுல ஜாம் எப்ப வரும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

இலையுதிர்காலத்தில் தலைநகரில் ஊராட்சித் தலைவர்களின் ஆண்டு விருந்து. முந்நூறு பேர், மேசைக்கு மேசை மெழுகுவர்த்தி, போக்குவரத்து அமைச்சரும் வந்திருந்தார். ஒவ்வொரு தலைவரும் எழுந்து தன் ஊரைப் பற்றி நாலடி சொல்ல வேண்டும் என்பது பழக்கம். கடற்கரை, மலை, சூரியன் என்று ஒவ்வொன்றாக வந்தது. ஸ்டெயின்வோர் தட்டில் மீனை முள் முள்ளாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். முறை வந்ததும் எழுந்தாள். எப்படியும் வராது என்று தெரிந்ததால், வந்த வேலையைச் சொல்லிவிட்டாள்:

"எங்க ஊர் ரோட்டுல பதினேழு குழி. மூணாவதுல பால் லாரி அச்சு போச்சு. ஒன்பதாவதுல தண்ணி நிக்குது, வாத்து முட்டை போடுது. பதினேழாவது பாலத்துக்கு இந்தப் பக்கம். அதுல நானே விழுந்தேன். அவ்வளவுதான்."

உட்கார்ந்தாள். அந்த மௌனத்துக்காகக் காத்திருந்தாள். ஒரு நொடி வந்தது. பிறகு ஒரு மூலையிலிருந்து கைதட்டல் கிளம்பியது. அது பரவி, நாற்காலிகள் நகர்ந்து, ஆட்கள் எழுந்து நின்று தட்டினார்கள். கழுத்தில் சால்வை சுற்றிய ஒருவர் ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். இலக்கியப் பத்திரிகை ஆசிரியராம்.

"எத்தனை வருஷமா இப்படி எழுதறீங்க?"

"எதை?"

"அந்த முடிவு. 'அவ்வளவுதான்'. கட்டுகள் அத்தனையும் அறுந்துபோச்சு."

"கட்டு எங்க அறுந்தது, அச்சுதான் போச்சு" என்றாள் அவள். அவர் அதையும் குறித்துக்கொண்டார்.

அடுத்த மாதப் பத்திரிகையில் அது வரி வரியாக உடைந்து, பக்கம் நிறைய வெள்ளை இடத்தோடு வெளிவந்தது. தலைப்பு 'பதினேழு'. கீழே ஒரு விமர்சகர் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தார்: 'அச்சு போச்சு' என்ற வரியில் அச்சுக் கலையின் மரணமே ஒலிக்கிறதாம், வாத்து என்பது நம் நாடாம். கோல்பெயின் அடுப்படியில் நின்று உரக்கப் படித்தான்.

"மூடி வை அதை."

"ஏய், 'மூணாவது'ல மோனை கூட லேசா இருக்குடி."

"எங்க?"

"'மூ'வுக்கும்… இல்ல, இல்ல. ஆனா இருக்கிற மாதிரி இருக்கு."

அவளுக்கு வெட்கமாக இருந்தது, கொஞ்சம் கோபமாகவும். சரியாகச் சொல்ல வராததை இத்தனை வருடம் குறை என்றார்கள். இப்போது அதையே கலை என்கிறார்கள். இரண்டு தடவையும் அவளை யாரும் கேட்கவில்லை. ஆனால் பத்திரிகையைத் தூக்கிப் போடவில்லை. பனி வண்டியின் கண்ணாடிக்கு மேலே, வண்டிப் பதிவுத் தாளோடு செருகி வைத்தாள்.

வசந்தத்தில் சாலைத் துறை ஆட்கள் ஜல்லியோடும் தாரோடும் வந்தார்கள். அமைச்சர் பத்திரிகையின் அந்தப் பக்கத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறாராம். வாத்துக்குஞ்சுகள் இறங்கிப் போகும்வரை ஒன்பதாவதைத் தள்ளிவைத்து, அப்புறம் அதையும் நிரப்பினார்கள். பதினேழாவதுக்கு வந்தபோது பெர்க்லியோட் பள்ளிப் பிள்ளைகள் பத்தொன்பது பேரோடு குறுக்கே நின்றார்.

"இதைத் தொடக் கூடாது. இலக்கியத்துல வந்துட்ட இடம். இங்க ஒரு பலகை வைக்கணும். 'இக்குழியில்தான்'னு ஆரம்பிக்கலாம்."

"குழி இல்ல, பள்ளம்" என்றார் அங்கே வந்து சேர்ந்த இங்கியால்டு. "ஆழம் ஒரு முழத்துக்கு மேல இருந்தா பள்ளம்."

"மூலத்துல குழின்னு இருக்கு."

"மூலத்துல தப்பா இருக்கு."

ஊர் கூடத் தொடங்கியது. யாரோ முழக்கோல் எடுத்து வர ஓடினார். பாதிரியார் 'பள்ள'த்துக்கு மோனை தேடி விரல் சொடுக்க ஆரம்பித்தார். தார் ஆறுகிறது என்று சாலைத் துறை ஆட்கள் மேஸ்திரியைப் பார்த்தார்கள். மேஸ்திரி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த ஊருக்கு நேரமாகிறது என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

ஸ்டெயின்வோர் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு வீட்டுக்குப் போய்ப் பனி வண்டியை எடுத்து, பின்னால் ஒரு சுமை ஜல்லியை ஏற்றிக்கொண்டு வந்தாள். பாலத்துக்கு இந்தப் பக்கம் வண்டியைத் திருப்பி, "தள்ளுங்க" என்றாள். மலையில் ஆடுகள் திரும்பிப் பார்த்தன. ஆட்கள் விலகினார்கள். ஜல்லியைக் கொட்டி, முன்தகட்டால் சமன்செய்து, மேலே இரண்டு தடவை போய்வந்தாள். இறங்கி நின்று காலால் மிதித்துப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது.

இங்கியால்டும் பெர்க்லியோட்டும் இன்னும் ஆழத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பால் ஏற்றும் நேரமாகிவிட்டதால் அவள் லாரியை எடுக்கப் போனாள்.